மாமா இறக்கிய காற்று

அந்தியூரில் உரக்கடை வைத்திருந்த மாமா, அதாவது என் அத்தையின் வீட்டுக்காரர், கார் வாங்கியது பெருமைக்காக இல்லை, பயத்தினால். அத்தைக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது தடவை, கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துபோன மறுவாரம் கலைந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பழி முழுக்கப் பஸ் மேல் விழுந்தது. பஸ் பாவம், அதற்கு வாய் இல்லை. மூன்றாவது முறை அத்தை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மாமா யாரையும் கேட்காமல் பழைய வெள்ளைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

வேகம் நாற்பதைத் தாண்டினால் அதன் ஸ்டியரிங் நடுங்கும். ஈரோட்டுக்குக் கொண்டுபோய் வீல் பேலன்ஸ் பார்த்தார். சக்கரத்தின் விளிம்பில் சின்னச் சின்ன ஈயத்துண்டுகளை வைத்து அடித்துக் கொடுத்தார்கள். நடுக்கம் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், மாமாவுக்கு மட்டும் போகவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். சிந்தினால் மறுபடியும் ஈரோடு. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் சிரித்தோம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, அத்தையைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. எங்கள் சனம் முதல்நாளே வேனில் போய் இறங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விருந்தன்று விடிந்ததும் வெளியே வந்தால், மாமா காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் வால்வில் தீக்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"காத்து கல்லாட்ட இருக்குது கண்ணு. கொஞ்சம் எறக்கியுட்டா அத்தைக்கு மெத்தையாட்ட இருக்கும்."

இதைவிட அன்பான காரியம் ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பார்த்துவிடவில்லை.

விருந்து முடிந்ததும் வேன் முன்னால் போய்விட்டது. நான் அழுது அடம்பிடித்துக் காரில் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் அத்தை தலையணையில் சாய்ந்திருந்தாள், அவள் காலடியில் நான். பவானி வரைக்கும் மெத்தைதான். அதைத் தாண்டியதும் கார் பக்கவாட்டில் அலைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் இடதுபக்கம் கடகடவென்று ஆடியது. மாமா நிறுத்தி இறங்கினார். ஈயத்துண்டு ஏதாவது விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. டயரைத் தொட்டவர் சுட்டுக்கொண்டு கையை உதறினார். பிறகு நடக்கிற வேகத்தில் ஓட்டினார், அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. மூன்று இடத்தில் நிறுத்தி மூன்று இடத்திலும் அதே ஈயத்துண்டுகளை எண்ணினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னால் திரும்பி அத்தையைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

அத்தை என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, அசையுதா பாரு அம்மணி என்றாள். என் உள்ளங்கைக்குக் கீழே திடுதிடுவென்று அடித்தது. அசையுதுங்க அத்தை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பெருந்துறையில் ஒரு டயர் கடை இருந்தது. கடைக்காரப் பாய் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, முப்பது இருக்கவேண்டிய காற்று நாலு சக்கரத்திலும் பதினைந்துதான் இருக்கிறது, காற்று இல்லாமல் ஓடியதில் இடதுபக்க டயர் உள்ளுக்குள் பிய்ந்து புடைத்திருக்கிறது, ஆட்டத்துக்குக் காரணம் அதுதான், பேலன்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"யாருங்க காத்த எறக்குனது?"

"தானா எறங்கியிருக்குமுங்க" என்றார் மாமா.

நாலும் ஒரே அளவில் தானாக எப்படி இறங்கும் என்று பாய் கேட்டார். மாமா டிக்கியைத் திறக்கப் போனார். பாய் ஸ்டெப்னியை மாற்றி, எல்லாவற்றிலும் காற்றை நிரப்பி அனுப்பினார்.

அதன் பிறகு கார் அலுங்காமல் ஓடியது. அத்தை மறுபடியும் என் கையை எடுத்து வைத்தாள். இந்த முறை ஒன்றும் தெரியவில்லை. பாப்பா தூங்குதுங்க என்று சொன்னேன். அவள் கையை விடாமல் ரொம்ப நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அவினாசி வந்தபோது, "ஏனுங்க, ஊட்டுக்கு வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

பெண் குழந்தை. அழவில்லை.

கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, மூச்சு நின்று இரண்டு நாளாவது ஆகியிருக்கும், ரோட்டுக்கும் வண்டிக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா அன்றைக்கே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தெரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. அப்படியானால் என் கையில் துடித்தது பிய்ந்துபோன டயர். அதை வைத்துத்தான் நான் அத்தையைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அம்மா சொன்னதை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. கொடி சுற்றியதை யாரும் பார்க்கவில்லை, காற்று இறக்கியதற்குச் சாட்சி இருந்தது. அப்பா தங்கையைத் திரும்ப அனுப்பவில்லை. அத்தையின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவுமில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். அவள் தூங்குகிறாள் என்று அப்பா சொல்வார். சில மாதங்களில் வருவது நின்றுபோனது. பல வருடம் கழித்துக் கொடுமுடியில் ஒரு சாவு வீட்டில் அவரைப் பார்த்த அம்மா, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "இருக்கலாமுங்க. ஆனா காத்த எறக்குனது நாந்தானுங்களே" என்றாராம்.

அந்தச் சாட்சி நான்தான். காரில் வந்து இறங்கிய அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா, வர ஏன் இவ்வளவு நேரம் என்று மாமாவைக் கேட்டார். டயரில் காற்று குறைந்துவிட்டது என்று மாமா சொல்லி நிறுத்திக்கொண்டார். டயர் கடையிலும் இதே அடக்கம். செய்த நல்லதைச் சொல்லிக்கொள்ளத் தெரியாத மனுசன் என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையும் சரியில்லை. அவருக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா?

"தானா கொறையலீங்கப்பா. மாமாதான் காலைல நாலு டயர்லயும் காத்த எறக்குனாங்க. அத்தைக்கு மெத்தையாட்ட இருக்கோணும்னு."

யாரும் ஒன்றும் பேசவில்லை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.