சோபாக்கா வீட்டுச் சாமான்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. சோபாக்கா வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அவள் வீட்டு சோபா அடிக்கடி வேனில் ஏறி ஊர்வலம் போவதைப் பார்த்துப் பார்த்துத் தெரு வைத்த பெயர் அது.

விற்பனைக்கு வரும் வீடுகளை ஜோடிப்பதுதான் அவள் தொழில். வெறும் வீட்டைக் காட்டினால் வாங்க வருகிறவர்கள் சுவரில் இருக்கும் விரிசலைத்தான் பார்ப்பார்கள். அதே வீட்டில் ஒரு சோபாவைப் போட்டு, திரையை ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டி, எதிரே கண்ணாடி மாட்டி, வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டுப் பாருங்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அக்கா, ஆள் குடியிருக்கிற மாதிரி தெரியணும், ஆனா யாருன்னு தெரியக் கூடாது" என்பது வீடு விற்றுத் தரும் புரோக்கர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே கோடவுன் நிறையச் சாமான் வைத்திருக்கின்றன. இவளிடம் கோடவுன் ஏது? தன் வீட்டுச் சாமானைத்தான் ஏற்றி அனுப்பினாள். வீடு விலை போகும்வரை அங்கே இருக்கும், அப்புறம் திரும்பி வரும். வந்த சாமான் மூச்சு விடுவதற்குள் அடுத்த வீடு கூப்பிட்டுவிடும்.

முதலில் எல்லோருக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பஸ் ஓட்டும் புருஷன் வேலை முடிந்து வாசலிலேயே நின்று, "உள்ள உட்கார ஏதாவது இருக்கா, இல்ல பஸ்ஸுக்கே திரும்பிப் போயிடவா?" என்று கேட்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். தரையில் சாப்பிட்டு, தரையில் படித்து, தரையில் படுத்து நாள் போகப்போக, அவர் கேலி செய்வதை நிறுத்தினார், அவள் சிரிப்பதை நிறுத்தினாள். சோபாக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாருக்காக இந்தப் பாடு? மகளைப் பெரிய படிப்பு படிக்க வைக்கத்தானே!

பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷம் வந்ததும் மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எதை வேணா எடுத்துட்டுப் போம்மா. என் மேஜையையும் லைட்டையும் மட்டும் தொடாத."

"தொட மாட்டேன்டி, சத்தியமா."

தொட்டாள். பல மாதமாக யாரும் சீண்டாமல் கிடந்த வீடு ஒன்று புரோக்கர் கைக்கு வந்தது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீடு நல்ல வீடுதான், பின்பக்கத்துச் சின்ன அறை மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. குழந்தை உள்ளவர்கள் வாங்க வருகிறார்கள், அதைப் படிக்கிற அறையாக மாற்றினால்தான் கதை நடக்கும் என்று புரோக்கர் ஒற்றைக் காலில் நின்றார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மேஜையும் விளக்கும் வேனில் ஏறின.

சாயங்காலம் வந்த மகள் அந்த மூலையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது.

"இது வீடா, கோடவுனா? பரீட்சை முடியட்டும், எங்கயாவது தூரமா ஹாஸ்டலுக்குப் போயிடறேன். லீவுக்குக்கூட வர மாட்டேன், பாத்துக்க!"

கோபத்தில் சொல்கிறாள் என்று புருஷன் சமாதானம் சொன்னார். சோபாக்காவுக்குத் தெரியும், அந்தப் பெண் வாயால் சொன்னால் செய்துவிடும். ஒற்றைப் பிள்ளை. இந்த ஒரு வீடு விற்கட்டும், மேஜையைக் கொண்டுவந்து போட்டு, காலில் விழுந்தாவது அவளைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதிசயம் என்னவென்றால், அடுத்த வாரமே மகள் சாந்தமாகிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தோழி வீட்டில் படிக்கிறேன் என்று போய், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். சண்டை இல்லை, முகத்தைத் திருப்பவில்லை. அப்பாடா என்றிருந்தது சோபாக்காவுக்கு.

அப்படி ஒரு சாயங்காலம் புரோக்கர் போன் செய்தார். "அக்கா, பார்ட்டி கெளம்பிட்டாங்க. ஓடியாங்க!" ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால், வீடு வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்கள். புரோக்கர் தன்னிடமிருந்த சாவியைப் போட்டால், கதவு பூட்டியே இல்லை. சோபாக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை வந்தபோது பூட்ட மறந்துவிட்டேனோ? சோபாவை எவனாவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

கூடத்தில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பின்பக்கத்துச் சின்ன அறையில் விளக்கு எரிந்தது. மேஜைக்கு முன்னால் காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள்தான். வீட்டில் ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு தினமும் இங்கேதான் வந்திருக்கிறாள்.

வாங்க வந்த அம்மாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. "உங்க பொண்ணா? எவ்வளவு அழகா உட்கார்ந்து படிக்கிறா!"

சோபாக்கா வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் முந்திக்கொண்டார். "ஆமாங்க, இவங்கதான் வீட்டுக்காரம்மா."

அந்தப் பெண்மணி அறைக்குள் போய் மகளின் தோளைத் தொட்டாள். "இந்த ரூமை விட்டுட்டுப் போறது கஷ்டமா இல்லையாம்மா?"

மகள் எழுந்து நின்றாள். வந்தவர்களைப் பார்த்தாள், வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். இதோ போட்டு உடைக்கப் போகிறாள், மானம் போகப் போகிறது என்று சோபாக்கா கையைப் பிசைந்தாள். மகளோ மெல்லச் சிரித்தாள்.

"பழகிடுச்சு ஆன்ட்டி. இந்த ஜன்னல்ல சாயங்காலம் நல்லா காத்து வரும். வெளி சத்தமே கேக்காது. படிக்கறவங்களுக்கு ரொம்ப நல்ல ரூம்."

வாங்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையிலேயே வீடு விற்றுவிட்டது தெரிந்தது. சொல்ல வெட்கக்கேடு, அந்த நிமிஷத்தில் சோபாக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. கிட்டே போய் மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள், அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் ஒதுக்கினாள். மகள் அசையாமல் நின்று கொடுத்தாள். கை முடியில் இருக்கும்போதே, தான் செய்வது என்னவென்று உறைத்து, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் கிளம்பியதும் புரோக்கருக்கு வாயெல்லாம் பல். "அக்கா, இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? அடுத்த வீட்டுக்கும் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"வாயை மூடுய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என் பொண்ணு என்ன குத்துவிளக்கா, நீ சொல்ற எடத்துல கொண்டுவந்து வைக்க? நாளைக்கே என் மேஜை என் வீட்டுக்கு வரணும்."

மறுநாள் வந்துவிட்டது. சோபாக்காவும் புருஷனும் மூச்சு வாங்க அதைப் பழைய மூலையிலேயே போட்டார்கள். அவளே துடைத்து, விளக்கைப் பொருத்தி, பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும்வரை அதன் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"இனிமே இது எங்கயும் போகாது. தொழிலே போனாலும் இதைத் தொட மாட்டேன். அம்மா மேல கோபமாடி?"

"அதெல்லாம் இல்லம்மா. அழகா வெச்சிருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு."

பிறந்ததிலிருந்து அம்மாவை வா போ என்று பேசிய பெண். அந்த 'ங்க' காதில் விழுந்ததும் சோபாக்கா நிமிர்ந்து பார்த்தாள். வாங்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, அதே மெல்லிய குரல். ஊரையே மயக்கும்படி வீடு ஜோடித்தவளுக்கு, எது ஜோடனை என்று தெரியாதா?

"கத்துடி" என்றாள். "அன்னைக்கு மாதிரி ஒரு தடவை என்னைத் திட்டிடு."

"ஏம்மா கத்தணும்?" என்றாள் மகள். புத்தகங்களை அள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.