கலகத்துக்கு நடுவில் பாவு நீட்டினோம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். பாவு என்றால் நெசவுக்கான நீளவாட்டுப் பட்டு இழைகள். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, பிறகு சுருட்ட வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் பாவு நீட்டினால் போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கை கொடுப்பார்கள். அன்று ஒரு முனையில் என் வீட்டுக்காரர், மறுமுனையில் எதிர்வீட்டு டீக்கடை பாய். நடுவில் நான், இருவரையும் திட்டிக்கொண்டு.

முந்தின நாள் ஜெயித்தவர்கள் ஊர்வலத்தில் விட்ட வெடி எங்கோ போய் விழுந்திருக்கிறது. மசூதிமேல் என்றான் ஒருவன், கோயில்மேல் என்றான் இன்னொருவன். விழுந்தது குப்பைத்தொட்டியில்! அதற்குள் கடைத்தெருவில் இரண்டு கடைகளை உடைத்துவிட்டார்கள், பாவிகள்.

திடீரென்று பாய் நின்ற முனையில் கூச்சல் கேட்டது. கட்டையும் கல்லுமாக ஒரு கும்பல். நான் நடுவிலிருந்தே கத்தினேன்.

"உட்டுட்டு உள்ள ஓடுங்க பாய்!"

"உட்டா மொத்தமும் சிக்காயிடும்கா. நீங்க போங்க."

இந்த மனுஷனை என்ன செய்வது! உயிர் போகிற நேரத்தில் என் பட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கும்பல் முட்டி மோதியதில் தாங்கியிருந்த கம்பு சாய்ந்து, பாவு சாக்கடைப் பக்கம் சரிந்தது. "டேய், பாவுடா! மிதிச்சிடாதீங்க!" என்று அலறினான் முன்னால் வந்தவன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, வேறென்ன! கட்டையைக் கீழே போட்டுவிட்டு, பாய் பக்கத்தில் நின்று பாவைத் தாங்கிப் பிடித்தான். நான் சும்மா இருப்பேனா? "இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கறீங்க? நீங்களும் புடிங்க!" என்று இன்னும் நாலு பேரை வேலையில் போட்டேன்.

பிடித்தபடியே அவன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். "அண்ணே, இந்த டீக்கடை பாய் எங்க இருக்கான்?"

சொல்லாதீங்க என்று பாய்க்குக் கண்ணைக் காட்டினேன்.

"நான்தான்பா," என்றார் பாய். "லூசா உடாத, இழுத்துப் புடி."

அவன் முகம் போன போக்கு! பாயைப் பார்த்தான், பாவைப் பார்த்தான், பிடியை இறுக்கினான். பாய்க்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாங்கள் சுருட்டி முடிக்கும்வரை அவன் விடவே இல்லை. கும்பல் அவனுக்காகக் காத்திருந்து, அலுத்துப்போய், ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டது.