காக்காத்துரைக்காக ஓர் அஞ்சலட்டை

காக்கையைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் ஆறு மாதம் சண்டை நடந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில் ஒரு மந்திரதந்திரத் தொடர் வரும். அதில் மேகவர்த்தினி என்று ஓர் இளவரசி. அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை சூரியசேனன். வெள்ளைக் குதிரை, தங்கக் கவசம், கன்னம் நிறைய ரோஸ் பவுடர். ஆனால் சிவகாசியில் எங்கள் தெரு மொத்தமும் அவளை வேறொருவனோடு சேர்த்துவைக்கத் துடித்தது. முனிவர் சாபத்தால் பகலில் காக்கையாகவும், பொழுது சாய்ந்தால் மனிதனாகவும் இருப்பவன் அவன். இளவரசி சிறையில் கிடந்தபோது ஜன்னல் வழியே பழம் கொண்டுவந்து போட்டவன். தொடரில் அவனுக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. தெருவில் அவன் காக்காத்துரை.

வீட்டில் காக்காத்துரை கட்சிக்குத் தலைவி சித்தி, அம்மாவின் தங்கை. தாத்தா காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். பின்தெரு அச்சாபீசில் பட்டாசு லேபிள்களை எண்ணிக் கட்டுப்போடும் வேலை. எதிர்க்கட்சியில் ஒரே ஓர் ஆள், என் அப்பா. அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்தத் தொழிலில் வெளிச்சம் குறைந்தால் கையை எடுத்துவிட வேண்டும். விளக்கேற்றி வேலை பார்த்தால் உயிருக்கு உலை. இருபது வருடம் அப்படியே பழகியவருக்கு, இருட்டிய பிறகு உழைக்கிற எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. ராத்திரிக் காவலுக்கு வருகிற கூர்க்காவைக்கூட ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

அதே சமயம் சித்தியைக் கேட்டு இரண்டு இடம் வந்திருந்தது. ஒருவர் எம். புதுப்பட்டிப் பக்கம் வாத்தியார். இன்னொருவர் சித்தி வேலை பார்த்த அச்சாபீசிலேயே மெஷின்மேன். எப்போதும் நைட் ஷிப்ட். மூத்த மருமகன் என்ற முறையில் முடிவு அப்பா கையில். "பகல்ல குறட்டை விடுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். சித்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பெரியவர்கள் சமாச்சாரம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மெஷின்மேனை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். கலர் ஒதுங்கிப்போய்க் கழித்துப்போட்ட தாள்களைச் சித்தியிடம் கொடுத்தனுப்புவார். என் நோட்டு அட்டைகளில் எல்லாம் இரண்டு மூக்குக் குழந்தைகள் மத்தாப்புப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றிவிட்டது.

"நடக்கிற காரியமா இது?" என்றார் அப்பா. "பகல்பூரா காக்கா. ஒரு நல்லது கெட்டதுன்னா அவ யாரைக் கூட்டிட்டுப் போவா? தோள்ல உக்கார வச்சுக்கிட்டா?"

"அம்புட்டுக் கனமா கனக்கப் போகுது? உக்காந்துட்டுப் போகட்டுமே அத்தான்."

"காக்காவை எந்தச் சபையில சேப்பாக?"

"ஏன், அமாவாசைக்கு நீங்களே இலையில சோறு வச்சு, கா கான்னு தொண்டை வத்தக் கூப்பிடுறீக. அது வரலைன்னா உங்க மூஞ்சிதான் வாடிப்போகுது."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்குத்தான் தொடரின் முடிவில், இளவரசி யாரை மணக்க வேண்டும் என்று அஞ்சலட்டையில் எழுதிப் போடும்படி அறிவித்தார்கள். கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். சித்தி துணி மடித்துக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன்.

'ஐயா, காக்காத்துரையை இளவரசி கட்டிக்கொண்டால் நம்பும்படி இருக்காது என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்கிறார். ஏன் இருக்காது? அவன் பகலில் தூங்கும்போது வெயில் முகத்தில் படாமல் அவள் கதவை ஒருக்களித்து வைப்பாள். சாயங்காலம் அவன் கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து ஒரு காபி குடிப்பார்கள். அது அவளுக்குப் போதும். அவன் விரல் இடுக்கில் உள்ள மை எத்தனை கழுவினாலும் போகாது. அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.'

நான் பேனாவை நிறுத்தினேன். "காக்கா பகல்ல தூங்காது சித்தி."

"இந்தக் காக்கா தூங்கும். எழுது."

"காக்காவுக்கு ஏது விரல்? ஏது மை?"

சித்தி மடித்த பாவாடையை உதறி மறுபடி மடித்தாள். "கறுப்புன்னா எல்லாம் ஒண்ணுதான், போ" என்றாள். அடித்தல் திருத்தல் வந்தால் கையெழுத்துக்கு அவமானம் என்பதால் மையை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, கம்பெனி வேன் நிற்கும் இடத்தில்தானே தபால்பெட்டி இருக்கிறது என்று கார்டை அப்பாவிடம் கொடுத்தேன். சித்தி குளித்துவிட்டு வந்து தேடினாள். விஷயத்தைச் சொன்னதும் ஈரத்தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. "அப்பா எதிர்க்கட்சின்னாலும் ஏமாத்த மாட்டாரு, கண்டிப்பாப் போட்டுருவாரு" என்று தேற்றினேன். அவள் முகம் இன்னும் வெளிறிப்போனது.

அன்று அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, பன் வாங்கித் தருகிறேன் என்று என்னைப் பின்தெரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஷிப்டுக்குக் கிளம்பிய மெஷின்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அப்பா வெகுநேரம் அவருடைய விரல்களையே பார்த்தார்.

"எப்பத் தூங்குவீக?"

"விடியக்காலம் வந்து படுத்தா மத்தியானம் வரைக்கும்ண்ணே."

"வெயில் மூஞ்சியில அடிக்காது?"

"சன்னலுக்கு லேபிள் தாளை ஒட்டி வச்சிருக்கேன். எந்திரிக்கயில சக்கரமும் புஸ்வாணமுமா மினுங்கும்."

அப்பா டீ தெறிக்கச் சிரித்தார். போர்மேன் அப்படிச் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. எனக்கு இன்னொரு பன் கிடைத்தது.

தை மாதம் சித்திக்கும் மெஷின்மேனுக்கும் கல்யாணம். ஊரே கூடி மண்டபம் திணறியது. நான் மட்டும் உம்மென்று இருந்தேன். காரணம் உண்டு. முந்தைய ஞாயிற்றுக்கிழமை தொடர் முடிந்துவிட்டது. மேகவர்த்தினி கழுத்தில் சூரியசேனன் மாலை போட்டான். காக்காத்துரை தன்னந்தனியாக மலைப்பக்கம் பறந்துபோனான். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க அந்தக் கார்டைப் போடவே இல்லை, என்ன?"

"சேர வேண்டிய எடத்துல சேந்துருச்சு தாயி."

"பொய். சேந்திருந்தா இப்படியா முடிப்பாக?"

அவர் என் தலையிலும் பன்னீரைக் கொட்டினார். அதற்குள் மேடையிலிருந்து சித்தி, போட்டோவுக்கு வா என்று கையை ஆட்டினாள். நான் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். தூக்கிக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார்கள். அந்தப் படத்தில் இப்போதும் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். என் கோபம் டிவிக்காரர்கள் மேல்கூட இல்லை. பாவம், காக்காத்துரையை அம்போ என்று விட்டுவிட்டு, கட்சித் தலைவியே இங்கே ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் வருத்தமில்லாமல் இப்படிச் சிரிக்கிறாளே என்றுதான்.