கோணலாய் வெட்டிய புல்

மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், துரை பங்களாவின் புல்தரைக்கு நான்தான் ஆள். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, வெட்டிய புல் மூன்றே நாளில் வளர்ந்து நிற்கும். வெட்டி வெட்டி முதுகு விட்டுப்போனது. அதோடு குளிர்காய்ச்சலும் வந்து படுத்துவிட்டேன்.

நாலாம் நாள் எழுந்தால் அரிவாளைக் காணோம். பக்கத்து வீட்டு மருதாயி கையில் அது இருந்தது. பால்மரம் சீவி ரப்பர் பால் எடுக்கிறவளுக்குப் புல் அரிவாள் எதற்கு? "திருட்டுக் கழுதை!" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கக் கத்தினேன்.

"புல்லு வளந்தா வேலையிலருந்து உங்க பேரை எடுத்திருவாங்கண்ணே. அதான் பால்மர வேலை முடிச்சிட்டு நானே போய் வெட்டினேன். கோணலாத்தான் வந்திச்சி" என்று அரிவாளை நீட்டினாள்.

பங்களாவுக்குப் போனேன். புல்தரை முழுக்க மேடும் பள்ளமுமாய்க் கிடந்தது. அதைச் சரிசெய்ய மனம் வரவில்லை.

துரை வந்து கத்தினார். நான்தான் வெட்டினேன் என்றேன். அத்தனை திட்டும் எனக்குச் சேர வேண்டியதுதான்.