ஃபெஸ் பழைய நகரத்தில், நோன்பு திறக்கும் நேரத்தில்

போனவர்கள் நாலு பேர்: நான், என் வீட்டுக்காரர், எட்டு வயது மகள் அபி, சன்னிவேலில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் நாத்தனார் கவிதா. அங்கே எங்களோடு இருந்தவர்கள் இரண்டு பேர்: வழிகாட்டி இத்ரீஸ், நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரரான அவருடைய அக்கா லத்தீஃபா அம்மா. இந்த ஆறு பேரைத் தவிர அந்த ஊரில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் கிடையாது. தமிழ் தெரிந்தவர்களும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

2000 டிசம்பரில் என் வீட்டுக்காரரை அவர் கம்பெனி மொராக்கோவின் காசாபிளாங்காவுக்கு மூன்று வாரம் வேலையாக அனுப்பியது. அபிக்குப் பள்ளி விடுமுறை. "நீங்களும் வந்துடுங்க, ஹோட்டல் செலவு நமக்கில்ல" என்றார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து டெக்ஸாஸில் இருக்கும் இர்விங் வந்ததைத் தவிர நான் எங்கும் தனியாகப் போனதில்லை. அதனால் துணைக்குக் கவிதா வந்தாள். டல்லாஸிலிருந்து நியூயார்க் வழியாக டிக்கெட் எனக்கு 812 டாலர், அபிக்கு 640. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும், மூன்று வாரம் முன்னாலேயே விண்ணப்பத்தை அனுப்பி விடுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட் என்பதால் அபிக்குத் தேவைப்படவில்லை.

விமானத்து ஏசி என் தொண்டையைப் பிடித்துக் கொண்டது. இறங்கும்போது காற்று மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை. மருந்துக் கடையில் ஒரு சிரப் கொடுத்தார்கள், 28 திர்ஹாம். (அப்போது ஒரு டாலருக்குப் பத்தரை திர்ஹாம்.) குடித்தும் குரல் வரவில்லை. கவிதாவுக்குக் கொண்டாட்டம்.

"அண்ணி, அண்ணன் எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டாருன்னு கேட்டுச் சொல்லுங்க. நானும் என் மேனேஜருக்கு ஒண்ணு வேண்டிக்கணும்."

காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். ரயிலில் இரண்டாம் வகுப்பு 97 திர்ஹாம், ஐந்து மணி நேரம். ஸ்டேஷனில் சிவப்பு நிறச் சின்ன டாக்ஸிகள் நிற்கும். ஒன்றில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நாங்கள் இரண்டு டாக்ஸி எடுத்தோம். மீட்டர்படி ஒவ்வொன்றுக்கும் 12 திர்ஹாம் ஆனது. பழைய நகரத்தின் நீல வாசல் வரைதான் கார் போகும். அதற்கப்புறம் கழுதையும் மனிதர்களும்தான்.

அந்த நகரத்தை எப்படிச் சொல்வது? சந்துகள் சில இடங்களில் என் இரண்டு தோளும் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகும். தெருப்பக்கம் ஜன்னலே கிடையாது. வீடுகள் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் சுவருக்குள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்கும், ஆனால் ஆள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். சாய்ந்து போன சுவர்களுக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். காலுக்கடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஊருக்கு அடியிலேயே ஆறு போகிறது என்றார் இத்ரீஸ். முதல் நாள் முழுக்க அபி என் கையை விடவில்லை.

லத்தீஃபா அம்மா வீட்டில் இரண்டு அறைக்கு ஒரு நாளைக்கு 300 திர்ஹாம், காலை ரொட்டியும் தேனும் சேர்த்து. சைவக்காரர்களுக்கு: நோன்பு திறக்கும்போது கொடுக்கும் சூப்பில் கறி இருக்கும், கேட்டுக் குடியுங்கள். நான் ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டு போயிருந்தேன், பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். எங்களுக்கு மார்கழி, அவர்களுக்கு ரம்ஜான் நோன்பு. நானும் லத்தீஃபா அம்மாவும் விடியுமுன் எழுந்து விடுவோம். நான் வாசலில் அரிசி மாவில் சின்னதாகக் கோலம் போட்டதைப் பார்த்து அந்த அம்மா தாண்டிப் போனாரே தவிர மிதிக்கவில்லை.

இரண்டாம் நாள் முழுக்க இத்ரீஸோடு சுற்றினோம். கூலி 150 திர்ஹாம். தோல் பதனிடும் இடத்துக்குப் போகும்போது மூக்கில் வைத்துக் கொள்ளப் புதினாக் கட்டு கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். கடைசியாகப் பித்தளைக்காரர்கள் முற்றத்துக்கு வந்தோம். சுற்றிலும் கடைகள், ஒவ்வொரு கடை முன்னாலும் ஒருவர் அண்டாவையோ தாம்பாளத்தையோ சுத்தியால் அடித்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது.

அங்கேதான் தப்புச் செய்தோம். மணி நாலே முக்கால். இத்ரீஸ் முகம் வாடிப் போயிருந்தது. "பாவங்க, காலைலருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல. நமக்காக அவரு நிக்கோணுமா?" என்று நான் என் வீட்டுக்காரர் காதோரம் கிசுகிசுத்தேன். அவர் இத்ரீஸிடம், "நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நாங்கள் வந்து விடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இத்ரீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "சூரியன் மறைவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். இப்போதே என்னோடு வாருங்கள்" என்றார். நாங்கள் விடவில்லை. விருந்தாளியைப் பட்டினி போட்டு விட்டு நாம் சாப்பிடுவது போல எங்களுக்குப் பட்டது. அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்துக் கொண்டே போனார்.

கவிதாவுக்கு ஒரு தாம்பாளம் பிடித்து விட்டது. நானும் அவளும் கடைக்குள் போனோம். அபி அப்பாவோடு வெளியே நின்றாள். "அம்மாகிட்ட போறேன்" என்று அவள் சொன்னதற்கு அவர் தலையாட்டியிருக்கிறார். கடை இருந்தது இடது பக்கம். குழந்தை வலது பக்கச் சந்தில் போய் விட்டாள். அவள் அவரோடு இருப்பதாக நாங்களும், எங்களோடு இருப்பதாக அவரும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

திடீரென்று நோன்பு திறக்கும் நேரத்துச் சங்கு ஊதியது. சுத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கடைக்காரர் காசைக் கூட எண்ணாமல் வாங்கிக் கொண்டு எங்களை வெளியே விட்டுப் பலகையைச் சாத்தினார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். அத்தனை கூட்டமும், கழுதைகளும், கத்தலும் சுவருக்குள் போய் விட்டன. முற்றத்தில் என் வீட்டுக்காரர் தனியாக நின்றார்.

"அபி எங்கே?" என்றார்.

"உங்களோட இல்லையா அண்ணா?" என்றாள் கவிதா.

அவர் ஒரு சந்தில் ஓடினார், கவிதா இன்னொன்றில். "அபி! அபி!" என்று அவர்கள் கூப்பிட்ட சத்தம் வளைந்து வளைந்து வேறு வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. "நீ இங்கயே நில்லு, எங்கயும் நகராத" என்று சொல்லி விட்டுப் போயிருந்தார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பெற்ற பிள்ளையைக் கூப்பிடக் குரல் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது. யார் கதவைத் தட்டுவது, எந்த பாஷையில் சொல்வது? வெளிச்சம் இறங்கிக் கொண்டிருந்தது. பிள்ளையாரையும் பூஜை மணியையும் எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். மணியை எடுத்து அடித்தேன். வீட்டில் தீபாராதனைக்கு அடிப்பது போலவே, கை வலிக்க வலிக்க அடித்தேன்.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வலது பக்கச் சந்திலிருந்து அபி நடந்து வந்தாள். ஓடி வரவில்லை, அழவும் இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, வொய் ஆர் யூ ஹியர்?" என்றாள். "யூ வேர் இன் தட் ஹவுஸ்."

இரைத்துக் கொண்டு திரும்பி வந்த கவிதா அவளைத் தூக்கிக் கொண்டாள். "எந்த வீடு, தங்கம்?"

"த கிரீன் டோர். கொஞ்சம் தொறந்திருந்துச்சு. நம்ம வீட்டு சாம்பிராணி ஸ்மெல் வந்துச்சு. அம்மா கால்ட் மீ. 'ஏஞ்சாமி, வா'ன்னு."

நான் மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவேன். அவள் அப்பா 'அபி' என்பார், கவிதா 'தங்கம்' என்பாள். எனக்கோ மூன்று நாளாகக் குரலே இல்லை.

"அப்புறம் ஏன் போகல?" என்றார், பின்னாலேயே ஓடி வந்த என் வீட்டுக்காரர்.

"டூ டைம்ஸ்தான் கூப்பிட்டாங்க. அம்மா சொல்லிருக்காங்கல்ல, விளக்கு வைக்கற டைம்ல த்ரீ டைம்ஸ் கூப்பிட்டாத்தான் ஆன்சர் பண்ணணும்னு. நான் வெயிட் பண்ணேன். தென் ஐ ஹெர்ட் த பெல்."

எங்கள் ஊர்ப்பக்கக் குடும்பங்களில் தெரிந்த விஷயம்தான் இது. அந்தி சாயும் நேரத்தில் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் 'ஏன்' என்று கேட்க வேண்டும். கூப்பிடுவது மனிதரில்லை என்றால் அதற்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது என்பார்கள். இர்விங் அபார்ட்மெண்டில் யாரும் வந்து கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் நான் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தேன். "டெக்ஸாஸ்ல பேய் வந்தா 'ஹவ்டி'ன்னுதான் சொல்லும் அண்ணி" என்று கவிதா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அன்றைக்கு அவள், "பயத்துல குழந்தைக்கு என்ன வேணும்னாலும் கேக்கும்" என்று மட்டும் சொன்னாள். சொல்லி விட்டு வீடு வரும் வரை அபியைக் கீழே இறக்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அபியை லத்தீஃபா அம்மாவிடம் விட்டு விட்டு இத்ரீஸோடு நாங்கள் மூவரும் போனோம். பித்தளை முற்றத்திலிருந்து அதிக தூரமில்லை. பச்சைப் பெயிண்ட் உரிந்த கதவு, பூட்டு இல்லை. இத்ரீஸ் உள்பக்கமாகத் தள்ளினார். தள்ளிய அதே வேகத்தில் என் வீட்டுக்காரரின் நெஞ்சுக்குக் குறுக்கே கை வைத்து அவரைத் தடுத்தார்.

உள்ளே தரை இல்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு கை அகலத்துக்குக் கல், அதற்கப்புறம் பள்ளம். வீடு எப்போதோ உள்ளே இடிந்து இறங்கியிருக்கிறது. கீழே இருட்டில் ஆற்றுச் சத்தம் கேட்டது. சாம்பிராணி வாசனை எதுவும் வரவில்லை, பாசி வாசனைதான் வந்தது. கவிதா ஒரு கல்லைப் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்க நேரமானது. திரும்பி வரும் வழியில் இத்ரீஸ் முனிசிபாலிட்டியில் சொல்லிக் கதவை அடைக்கச் செய்வதாகச் சொன்னார்.

லத்தீஃபா அம்மாவிடம் இத்ரீஸ் நடந்ததை அவர்கள் பாஷையில் சொன்னார். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதையும் கையாலேயே கேட்டார். ஒரு விரலைக் காட்டினார், இரண்டைக் காட்டினார், மூன்றைக் காட்டி என்னைப் பார்த்தார். நான் இரண்டைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார். இத்ரீஸ் அதைச் சொல்லத் தயங்கினார். நான் விடாமல் பார்த்துக் கொண்டிருந்ததால் சொன்னார்:

"நோன்பு மாதத்தில் ஷைத்தான்களைக் கட்டிப் போட்டிருக்கும், அதனால்தான் கூப்பிட மட்டும் முடிந்தது என்கிறார் அக்கா."

ஊரின் அழகைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தத் தாம்பாளம் போல ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை, அந்த அக்கா தம்பி போல நல்லவர்களையும் பார்த்ததில்லை. போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள். எங்கள் பக்கத்து ஊர் காப்பெலில் இருந்து இரண்டு குடும்பம் இந்த ஸ்பிரிங் பிரேக்குக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன், அவர்களுக்காகச் சொல்கிறேன். வழிகாட்டி வைத்துக் கொள்ளுங்கள், அவர் கிளம்பச் சொன்னால் கிளம்பி விடுங்கள். அவர் மேல் இரக்கப்பட்டுத் தனியாக நிற்காதீர்கள். குழந்தை யார் கையில் என்று பெரியவர்கள் வாய் விட்டுச் சொல்லிக் கொள்ளுங்கள். பூட்டில்லாத கதவு எதையும் தள்ளாதீர்கள். மூன்று நாளுக்கு ஃபெஸ் செலவு, தாம்பாளம் நீங்கலாக, நாலு பேருக்கும் சேர்த்து 2,140 திர்ஹாம்தான் ஆனது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கீழே லாண்டரி ரூமில் துணியை டிரையரில் போட்டு விட்டு மேலே வந்தேன். அபி ஹால் நடுவே நின்று பெட்ரூமில் துணி மாட்டும் கிளாஸெட்டைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அம்மா, வேர் வேர் யூ?"

"லாண்டரிலடி."

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

கவிதாவுக்கு ஃபோன் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "மூணாவது கூப்பிடலல்ல அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். நோன்பு மாதம் முடிந்து வெகு நாளாகி விட்டது என்பது அவளுக்கும் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிறோம்.

குழந்தைகளோடு அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு உங்கள் பிள்ளைகளையும் இப்படிக் கூப்பிட்டதா, எத்தனை தடவை கூப்பிட்டது, எத்தனை நாளில் நின்றது? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.