காற்றுக்கு எதிராக எம்ரிஸ்

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு, முட்டி போட்டு, சமையலறைக் கதவின் அடியில் நீட்டிப் பிடித்திருக்கிறார் எம்ரிஸ். சுடர் உள்பக்கம் சாய்கிறது. "பாத்தியா, பாத்தியா!" என்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. காற்று நுழையாமல் இருக்க நீளமான துணி உருளை ஒன்றை அங்கே கிடத்திவிட்டு மறுபடி பிடித்துப் பார்க்கிறார். இப்போது சுடர் வெளிப்பக்கம் சாய்கிறது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வேல்ஸ் மலைப்பாதைகளில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்துச் சாம்பல் நிறக் கால்சட்டைகள்தான் இப்போது கதவுகளுக்குக் காவல். கால்சட்டையின் ஒரு காலை இடுப்போடு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, பழைய காலுறைகளைத் திணித்து, கனத்துக்கு இரண்டு கை மணல் போட்டு, மறுமுனையை ஷூ லேஸால் கட்டிவிடுகிறார். ஊசியை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடிக்கிறார். கால்சட்டைகள் தீர்ந்ததும் படுக்கையறையின் நீலத் திரைச்சீலையில் கத்தரி வைத்தார்.

"என்னய்யா இது, பாம்புப் பண்ணையா?" என்றார் பக்கத்து வீட்டு தில்வின்.

"நெஸ்டா வர்றதுக்குள்ள முடிக்கணும்."

"எப்ப வர்றாங்க?"

"அதான் தெரியல."

நெஸ்டா அவர் மனைவி. ஈர வாசற்படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து, கடற்கரையூரில் இருக்கும் தங்கை மைரின் வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரம் என்றாள். இது எட்டாவது வாரம். கட்டுப் பிரித்தாகிவிட்டது. போன் செய்தால், "இங்க கதகதன்னு இருக்கு எம்ரிஸ்" என்கிறாள். திரும்பி வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னது ஒன்றுதான்: "இந்த வீட்ல எப்பவும் காத்து." அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோயேன்." அவளை விரட்டியது காற்றா, அந்தப் பதிலா? இதுதான் எம்ரிஸுக்குப் பிடிபடவில்லை. காற்றையாவது அடைக்கலாம் என்று உட்கார்ந்து தைக்கிறார், பாவம்.

எல்லாக் கதவையும் அடைத்த அன்று கணப்படுப்பின் புகை அறைக்குள்ளேயே திரும்பிவிட்டது. இருமிக்கொண்டே ஓடி வந்த தில்வின், "நெருப்பும் மூச்சு விடணும்ல!" என்று கத்தினார். அதிலிருந்து ஓர் உருளையை எடுப்பதும், வேறொன்றை வைப்பதும், மெழுகுவத்தியோடு சுற்றுவதுமாகவே பொழுது போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நெஸ்டா வந்தாள். குளிர்காலத் துணிகளை எடுத்துப் போகத்தான் என்று மைர் சொன்னாள், காரைவிட்டு இறங்கவில்லை. நெஸ்டா கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள்.

"அது என் நீலக் கர்ட்டனா?"

"ம்."

"தையலப் பாரு, கோணல்மாணலா."

"குளிருதா?"

தெருவில் ஹாரன் அடித்தது.

"போய் மைர்கிட்ட சொல்லிட்டு வா."

"என்னன்னு சொல்ல?"

"போயேன், எம்ரிஸ்."

என்ன சொல்வது என்று தெரியாமலே வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மைர் கண்ணாடியை இறக்கி, "எங்க அவ? துணியெல்லாம் எடுத்துட்டாளா?" என்றாள். அப்போது பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். வாசற்கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு, உள்ளே யாரோ துணி உருளையைக் காலால் தள்ளத் தள்ள, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மறைந்துகொண்டே போனது.

எம்ரிஸ் மைரைப் பார்த்து, கிளம்பு என்று கையை ஆட்டினார்.