தகரக்கூரையில் பலாக்கிண்ணம்

பச்சை மரத்தில் கடைந்த பாத்திரம் காயும்போது வெடித்தால் மரத்தின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். மரம் பதில் பேசாது என்பது வசதி. வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் நிற்கிறது, அந்த இழுபறியில் பிளக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஏற்றுமதிச் சரக்கில் ஈரம் அளந்தே நான் ஓய்வுபெற்றேன். ஆனால் இந்தப் பாடத்தைப் படித்தது சிறுமியாக, மட்டாஞ்சேரியில், எங்கள் கட்டிலுக்கடியில்.

தாய்மாமா கடைசல் பட்டறை வைத்திருந்தார். மத்தியானங்களில் அம்மாவும் அங்கே போய்க் கடைவாள். கல்யாணத்துக்கு முன்பே பழகிய கை. பழைய மரச்சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, பலாமரத்தில் பெரிய கிண்ணம் ஒன்று கேட்டார். வெடிக்காமல் காய்ந்து வந்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். அம்மா பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அந்த மழைக்காலத்தில் மட்டும்தான்.

மழையில் சாய்ந்த பலாவில், எங்கும் ஒரே கனமாகக் கடைந்தாள். ஈரம் சீக்கிரம் வெளியேறும், நார் முடியும் இடங்களில் மெழுகு தடவினாள். அதே மரத்தின் சீவலோடு காகிதப் பையில் போட்டுக் காற்றுப்படாத கட்டிலடியில் வைத்தாள். அவ்வப்போது வெளியே எடுத்து நிறுத்துப் பார்ப்போம். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

அத்தா சுக்குக் காயவைக்கும் களத்தில் மேஸ்திரி. எதற்கு எவ்வளவு வெயில் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார் என்று பஜாரில் பேர். அம்மா பட்டறைக்குப் போவதை அவர் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்ததில்லை. பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பாத்திரத்த எங்க மோளே வச்சிருக்கா உங்கம்மா?"

"கட்டிலுக்கடியில, அத்தா. வெயில்ல வச்சா பிளந்துடும்."

"கொஞ்ச நேரம் வச்சாக்கூடவா?"

"தகரத்து மேல வச்சா ஒரு மத்தியானமே போதும்னு மாமா சொன்னாரு."

"ம். நீதான் இனி மேஸ்திரி."

அந்தப் பெருமையில் மெழுகு, சீவல், தராசு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மழை விட்டு வெயில் அடித்த நாளில் நானும் அம்மாவும் வைப்பின் தீவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினோம். கிண்ணம் பின்கட்டுத் தகரக்கூரையில் மெழுகு உருகிக் கிடந்தது. விளிம்பிலிருந்து அடிவரை விரல் நுழையும் பிளவு.

அத்தா சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். "ஈரமா கெடந்துச்சு, நல்லதுக்குத்தான் எடுத்து வச்சேன். மரத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"களத்துல நிக்கிற ஆளு. உங்களுக்குத் தெரியாது," என்றாள் அம்மா.

"ஒரு மரக்கட்டைக்கா இந்தப் பாடு? நான் சம்பாதிக்கறது போதாதா?"

கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அம்மா அதன்பின் பட்டறைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தா, "மரம் சரியில்ல," என்று வருத்தத்தோடு சொன்னார். இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

அன்று அந்தக் கோபம் வரவில்லையே. அம்மா கொல்லையில் பிளந்த கிண்ணத்தை விறகோடு அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தாவத் திட்டாதம்மா. நான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். பாவம், மறந்துட்டாரு."

அம்மா கையை நிறுத்தி என்னையே பார்த்தாள்.

"ஆமா," என்றாள் பிறகு. "மறந்துட்டாரு."

அவளும் அவருக்காக இரக்கப்படுகிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.